பேசனுக்குள் ஓர் ஆஸ்பத்திரி

கோலா சுங்கை பாரு கடற்கரைப் பக்கம் சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் போனால் ஓர் ஊர்வலம் பார்க்கலாம். முன்னால் சிவப்புச் சிலிப்பர் ஒரு ஜோடி. அதற்குள் என் பெரியம்மா மகள். பின்னால் ஆறு வாத்துக் குஞ்சுகள், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பஸ் ஏறப் போவது மாதிரி வரிசை கலையாமல். ஐந்து குஞ்சுகள் அச்சு அசல் வாத்து நடை நடக்கும். ஆறாவது மட்டும் இடது காலைக் கொஞ்சம் வெளியே வீசி, தீபாவளிக்கு வாங்கிய சப்பாத்து கடிக்கிற பையன் மாதிரி வரும். பெயர் மைலோ. படகிலிருந்து மீன் இறக்குகிறவர்கள்கூட கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கை காட்டுகிறார்கள்.

கை காட்டுகிறவர்களுக்குத் தெரியாது. அந்த நடைக்குப் பின்னால் ஒரு குளியலறை, ஒரு பள்ளிக்கூடக் காலுறை, மூன்று பாக்கெட் பிளாஸ்தர், ஒரு பாட்டி, தினமும் வாசலில் நின்று "சாலாய் எப்ப?" என்று கேட்கும் ஒரு மாமா, எல்லாம் இருக்கின்றன. எனக்குத் தெரியும். நான் உள்ளே இருந்தேன். வாருங்கள், சத்தம் போடாமல் கதவைத் தள்ளிக் காட்டுகிறேன். ஈரம், வழுக்கும், பார்த்து.

குளியலறைக்குள் முதலில் கண்ணில் படுவது நீலப் பேசன். அதில் உள்ளங்கை அளவு வெதுவெதுப்பான தண்ணீர். பக்கத்தில் ரைஸ் குக்கர் வந்த அட்டைப்பெட்டி, அதன் மேல் கம்பியில் தொங்கும் பல்பு, பெட்டிக்குள் ஒரு தெர்மோமீட்டர். ஷாம்பு இருக்க வேண்டிய தட்டில் ஊசியில்லாத சிரிஞ்சு, கத்தரிக்கோல், முறுக்கு மாவு நிறுக்கும் தராசு. கண்ணாடி சுவரில் இல்லை, தரையில் சாத்தியிருக்கிறது. "அது எதுக்குக்கா?" என்றேன். "அவனுக்குத் தனியா இருந்தா பயம். கண்ணாடியில இன்னொருத்தன் இருக்கான்னு நெனச்சுக்குவான்," என்றாள். உண்மைதான், தனியாக வைத்த வாத்துக் குஞ்சு கத்தியே தேய்ந்துபோகும். கதவுக்குப் பின்னால் தமிழ் நாள்காட்டி. ராகுகாலத்துக்குப் பக்கத்தில் பென்சிலில் எண்கள். அதைக் கடைசியில் பார்க்கலாம்.

இந்த ஆஸ்பத்திரி திறந்த கதை இதுதான். மஸ்ஜித் தானா பக்கம் பாசார் மாலாமில் அக்காவின் சின்னவன், தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறவன், ஆறு குஞ்சுகளை வாங்க வைத்துவிட்டான். எல்லாம் வெள்ளை இறைச்சி வாத்து ஜாதி. வந்த முதல் வாரம் ஒரே கும்மாளம். ஒன்பதாம் நாள் காலையில் பார்த்தால் ஐந்து பேர் தீனிக்கு ஓடுகிறார்கள், ஒருவன் மட்டும் உட்கார்ந்தபடியே துடுப்புப் போடுகிறான். எழுந்து நிற்கப் பார்ப்பான், இடது கால் ஐஸ் மேல் வைத்ததுபோல் வெளியே வழுக்கிப் போகும், தொப்பென்று மல்லாக்க விழுவான். விழுந்தால் திரும்பத் தெரியாது. இரண்டு கால்களும் சைக்கிள் மிதித்துக்கொண்டிருக்கும்.

அக்கா எனக்கு போன் செய்தபோது அழுதாளா சிரித்தாளா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. "நீதான் பத்திரிகையில எழுதுறவளாச்சே, ஏதாச்சும் கண்டுபிடி!" பத்திரிகையில் எழுதுகிறவளுக்கு வாத்து வைத்தியம் தெரியும் என்று நம்புகிற கடைசி மனுஷி என் அக்காதான். மறுநாள் விடுப்புப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். போனதும் எனக்குக் கிடைத்த முதல் பரிசு அவமானம். பெட்டிக்குள் விரித்திருந்தது நாளிதழ். எங்கள் நாளிதழ்!

வழவழப்பான தாள் மேல் வளரும் குஞ்சின் கால்கள் பிடிமானம் இல்லாமல் இரண்டு பக்கமும் அகன்று போய்விடும். எலும்பு இளசு, தசை இளசு. வழுக்கியபடியே இரண்டு நாள் இருந்தால் உடம்பு அதையே பழக்கமாக்கிக்கொள்ளும். குஞ்சு வளர்க்கிறவர்கள் முதல் நாளே சொல்லும் பாடம், தாளை எடு, துணியைப் போடு. அக்கா தாளை எடுத்தாள். அலமாரித் தட்டுகளில் விரிக்கிற ஓட்டை ஓட்டையான ரப்பர் விரிப்பை வெட்டிப் போட்டு, அதன் மேல் பழைய துவாலையை விரித்தாள். நாற்பது வருஷம் பால் மரம் வெட்டிய பாட்டி அந்த விரிப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "ரப்பருதானா? பரவால்ல, வேலைக்கு ஆவுது," என்றார். சுற்றிலும் இன்றைக்குச் செம்பனைதான். ரப்பர் இந்த வீட்டில் இப்போது வாத்தின் காலுக்கடியில் மட்டும் இருக்கிறது.

ஆனால் வழுக்கல் மட்டும்தான் காரணமா? இல்லை. மைலோவை உள்ளங்கையில் ஏந்தி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தோம். இங்கே ஒரு சின்ன ரகசியம். வாத்தின் காலில் பின்னால் மடங்குகிறதே ஒரு மூட்டு, நாம் முழங்கால் என்று நினைப்பது, அது முழங்கால் இல்லை, கணுக்கால். உண்மையான முழங்கால் மேலே வயிற்றுப் பக்கம் இறகுக்குள் ஒளிந்திருக்கிறது. அதாவது வாத்து பிறந்ததிலிருந்து சாகும்வரை குதிகாலைத் தூக்கிக்கொண்டு விரல்களால்தான் நடக்கிறது! மைலோவுக்கு அந்தக் கணு இரண்டு பக்கமும் லேசாகப் புடைத்து, கால் வில்லாக வளைந்திருந்தது. தொட்டால் சூடில்லை, வெட்டுக்காயம் இல்லை. நிற்பதற்குப் பதிலாக அந்தக் கணுவை ஊன்றி உட்கார்ந்தே நகர்ந்தான்.

மலாக்காவிலிருக்கும் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் எடுத்துக்கொண்டு ஓடினோம். பூனை, பூனை, நாய், பூனை, அடுத்தது ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் நாங்கள். மருத்துவர் முதலில் செய்தது கணுவின் பின்புறம் விரலை வைத்துத் தடவிப் பார்த்தது. அங்கே ஒரு பள்ளம், பள்ளத்துக்குள் நூல் மாதிரி ஒரு தசைநாண். அது நழுவிப் பக்கவாட்டில் போயிருந்தால் கதை வேறு. அதைச் சீக்கிரமே உள்ளே தள்ளி, கட்டுப் போட்டு நிறுத்த வேண்டும். நாள் கடந்தால் கால் திரும்பாது. மாங்கனீசு, கோலின் போன்ற சத்துகள் குறைந்தாலும் அப்படி நழுவும். மைலோவின் நாண் இருந்த இடத்தில் இருந்தது. பிறகு தலையைப் பார்த்தார், ஆடுகிறதா, கழுத்து திருகுகிறதா, கண்ணில் நீர் வடிகிறதா என்று. தள்ளாடுகிற குஞ்சுக்கெல்லாம் சத்துக்குறைவு என்று முடிவு கட்டிவிட முடியாது. ரீமெரெல்லா என்ற கிருமி வந்தாலும் தலை ஆடும், கால் தள்ளாடும். அதற்குத் தனி மருந்து, அதுவும் மற்ற ஐந்துக்கும் தொற்றும். கல்லீரலைத் தாக்கும் வைரஸ் ஒன்று சில மணி நேரத்தில் குஞ்சைத் தலை பின்னுக்கு வளைத்துச் சாகடித்துவிடும்.

அடுத்து ஒரே கேள்வி. "என்ன தீனி போடுறீங்க?"

"கோழிக்குஞ்சுத் தீனிதான் டாக்டர்."

"ம்ம்," என்றார். அந்த 'ம்ம்'மில் முழு நோய்க்குறிப்பும் இருந்தது.

விஷயம் இதுதான். நியாசின் என்று ஒரு சத்து, பி வைட்டமின் குடும்பத்தில் மூன்றாமவர். கோழிக்குஞ்சுக்கு ஒரு கிலோ தீனியில் 27 முதல் 35 மில்லிகிராம் இருந்தால் போதும் என்று அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கழகத்தின் 1994 அட்டவணை சொல்கிறது. வாத்துக்கு 55. கோழி தன் சாப்பாட்டுப் புரதத்திலிருந்து கொஞ்சம் நியாசினைத் தானே சமைத்துக்கொள்ளும். வாத்துக்கு அந்தக் கைப்பக்குவம் சரியாக வராது. தீனியில் பாதிக்கு மேல் சோளம் இருந்தால் இன்னும் மோசம், சோளத்திலுள்ள நியாசின் பூட்டுப் போட்ட பெட்டி, சுலபத்தில் திறக்காது. இதற்கு மேல் இறைச்சி வாத்தின் வளர்ச்சி வேகம் இருக்கிறது. பொரிக்கும்போது ஐம்பது கிராமுக்குக் கொஞ்சம் கூட, நன்றாகத் தீனி போட்டால் ஏழு வாரத்தில் கிட்டத்தட்ட மூன்று கிலோ. இரண்டு மாதத்துக்குள் அறுபது மடங்கு ஏறுகிற உடம்பைத் தாங்கப்போவது தீக்குச்சி மாதிரி இரண்டு கால்கள். மேல்மாடி தினமும் எழும்புகிறது, அஸ்திவாரத்துக்குச் சிமெண்டு வரவில்லை.

மற்ற ஐந்தும் அதே தீனிதான் தின்றன. அவை முண்டியடித்து அதிகம் தின்றன, அவ்வளவுதான். மைலோ கடைசியில் வந்து மிச்சத்தைக் கொத்துகிறவன். கூட்டுக் குடும்பத்தில் எல்லா வீட்டிலும் ஒருத்தன் இப்படி உண்டு.

இனி மருந்துக் கடைக் காட்சி. இதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"நியாசின் மாத்திரை வேணும்."

"யாருக்குங்க? கொலஸ்ட்ராலா?"

"இல்ல, கால் வளைஞ்சிருக்கு."

"வயசு?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். "பதினோரு நாள்," என்றாள் அக்கா.

கவுண்டருக்குப் பின்னாலிருந்த பெண் பேனாவைக் கீழே வைத்தாள். "எடை?"

"நூத்தி நாப்பது கிராம்."

அதற்குள் பின்னால் வரிசையில் நின்றவருக்கு இருமல் மறந்துவிட்டது. வாத்து என்று சொன்னதும் கடையே சிரித்தது. அந்தப் பெண்தான் நல்ல யோசனையும் சொன்னாள், மெல்ல மெல்லக் கரைகிற வகை வேண்டாம், சாதாரண மாத்திரை எடுங்கள் என்று. உடனே கரைய வேண்டும், தண்ணீரில் கலக்க வேண்டும். வாத்து வளர்ப்பவர்களிடையே புழங்கும் கணக்கு ஒரு லிட்டர் குடிதண்ணீருக்கு ஏறத்தாழ 30 முதல் 40 மில்லிகிராம். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். கூட புரூவர்ஸ் ஈஸ்ட், பீர் காய்ச்சும் ஈஸ்ட்டைக் காயவைத்த பொடி. அதை ஒரு கோப்பைத் தீனிக்கு ஒன்றரை மேசைக்கரண்டி.

பீர் என்ற சொல் காதில் விழுந்ததும் பாட்டி எழுந்து உட்கார்ந்தார். "வாத்துக்குப் பீரா? அப்ப தோட்டத்துக் கள்ளுக்கடை என்னா பாவம் பண்ணுச்சு?" யோசித்துப் பார்த்தால் பாட்டி சொன்னதில் வேதியியல் பிழை இல்லை. கள்ளின் அடியில் தங்கும் மண்டியிலும் ஈஸ்ட்தான், அதிலும் பி வைட்டமின்தான். ஆனாலும் மைலோவுக்குக் கள் ஊற்றும் யோசனை பெரும்பான்மை வாக்கில் தோற்றது. சின்னவன் மார்மைட் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தான், அதுவும் ஈஸ்ட் சாறுதானே என்று. கெட்டிக்காரப் பையன்! ஆனால் அதில் உப்பு அள்ளிப் போட்டிருக்கிறது, நூற்றி நாற்பது கிராம் உடம்புக்கு ஆகாது. பச்சைப் பட்டாணி ஆகும். வேகவைத்து, தோலை உரித்து, நசுக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால் மைலோ கழுத்தை நீட்டி லபக் லபக்கென்று விழுங்குவான். ஒவ்வொன்றுக்கும் வால் ஒரு தடவை ஆடும்.

இப்போது கட்டு. வழுக்கி அகன்ற கால்களை அவற்றின் இடத்துக்குக் கொண்டுவரக் கால் விலங்கு போட வேண்டும். பயப்படாதீர்கள், பிளாஸ்தர்தான். நடுவிலுள்ள பஞ்சுப் பகுதி இரண்டு காலுக்கும் இடையில் வரும்படி வைத்து, இரண்டு ஓரங்களையும் கணுவுக்குக் கீழே சுற்றி ஒட்ட வேண்டும். ஆங்கில எட்டு மாதிரி வரும். இடைவெளி எவ்வளவு? குஞ்சு நேராக நின்றால் இடுப்பு எவ்வளவு அகலமோ அவ்வளவு. நெருக்கிக் கட்டினால் இன்னும் விழுவான். இறுக்கினால் பாதம் வீங்கும். நாண் நழுவிய காலுக்கு இதைப் போடவே கூடாது, அதனால்தான் மருத்துவர் விரல் முதலில், பிளாஸ்தர் பிறகு. எழுத நான்கு வரி. செய்ய முக்கால் மணி நேரம். மைலோவைப் பிடிப்பது அக்கா, ஒட்டுவது நான், டார்ச் அடிப்பது சின்னவன். முதல் பிளாஸ்தர் என் கட்டைவிரலோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாவது மைலோவையும் துவாலையையும் சேர்த்துக் கட்டிவிட்டது. மூன்றாவது சரியாக விழுந்த கணத்தில் அவன் என் மடியில் தன் கருத்தைப் பதிவு செய்தான். வாத்து எத்தனை நிமிஷத்துக்கு ஒரு தரம் கழியும் என்று கேட்காதீர்கள். நீங்கள் இந்தப் பத்தியைப் படித்து முடிப்பதற்குள்.

அடுத்தது காலுறை. சின்னவனின் வெள்ளைப் பள்ளிக் காலுறை, ஒற்றை, ஜோடி எங்கே என்று யாருக்கும் தெரியாது. அதில் கால் நுழைய இரண்டு ஓட்டை, பின்னால் நான் சொன்ன காரணத்துக்காக மூன்றாவது ஓட்டை. மைலோவை அதற்குள் உட்காரவைத்து, பாதம் மட்டும் தரையைத் தொடுகிற உயரத்தில் ஒரு டப்பாவின் வாயில் மாட்டினோம். உடம்பின் பாரம் காலுறை மேல், பழக்கம் மட்டும் கால் மேல். முன்னால் தண்ணீர்க் கிண்ணம், தீனிக் கிண்ணம், கண்ணாடி. பார்க்க யாரோ ஊஞ்சலில் உட்கார்ந்து டீ குடிப்பது மாதிரி. ஒரு தடவைக்குப் பத்து நிமிஷம். அதற்கு மேல் வைத்தால் ஊர் கேட்கக் கத்துவான்.

எனக்கு மிகப் பிடித்த காட்சி பேசன். நிற்க முடியாதவன் தண்ணீரில் விட்டதும் ராஜா! தண்ணீர் உடம்பைத் தாங்கிக்கொள்ளும், கால்கள் எடை தெரியாமல் உதைக்கும், தசை வலுக்கும். இடது, வலது, இடது, வலது. தரையில் வில்லாக வளைந்த கால் தண்ணீருக்குள் நேராகப் பின்னால் போவதைக் குனிந்து பார்த்தபோது நாங்கள் மூன்று பேரும் மூச்சுவிட மறந்தோம். ஆனால் ஐந்து நிமிஷம்தான். வாத்துக் குஞ்சு தண்ணீரில் பிறந்தது மாதிரிதான் தோன்றும். உண்மையில் தாய் அடைகாத்து வளர்த்தால்தான் தாயின் எண்ணெய் குஞ்சின் இறகில் ஏறி நனையாமல் காக்கும். கடையில் வாங்கிய அனாதைக் குஞ்சு பஞ்சு மாதிரி ஊறும், குளிரில் விறைக்கும், மூழ்கவும் செய்யும். ஆகவே வெதுவெதுப்பான தண்ணீர், பக்கத்தில் ஆள், எடுத்ததும் துவாலை, பிறகு பல்புக்கடியில். முதல் வாரம் பெட்டிக்குள் 32 டிகிரி வேண்டும், பிறகு வாரம் மூன்று டிகிரியாகக் குறைத்துக்கொண்டே வரலாம். நம் ஊர் மத்தியானத்துக்குப் பல்பே தேவையில்லை, கடற்காற்று அடிக்கிற ராத்திரிக்குத்தான்.

நான்காம் நாள் ராத்திரி ஒரு பயம் காட்டினான். இரண்டு மணிக்கு அக்கா என்னை எழுப்பினாள். மைலோ தலையைப் பின்னுக்கு மடித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், கழுத்து திரும்பி வரவில்லை. நட்சத்திரம் எண்ணுவதுபோல. பறவை மருத்துவத்தில் இதற்கு ஏறக்குறைய அதே பெயர்தான். பி1, அதாவது தயமின், குறைந்தால் நரம்பு தளர்ந்து வருகிற கோலம் இது. வைட்டமின் ஈ குறைந்தாலும் கழுத்து திருகும். காலையில் மருத்துவருக்குப் போன் போட்டு, பி வைட்டமின்கள் எல்லாம் கலந்த சொட்டு மருந்தைச் சிரிஞ்சில் எடுத்து அலகின் ஓரத்தில் சொட்டு சொட்டாகக் கொடுத்தோம். தீனி மூட்டையையும் முகர்ந்து பார்க்கச் சொன்னார். மூக்கை விட்டேன், முக்கலான நாற்றம். இந்த ஈரக் காற்றில் பிரித்த மூட்டையில் பூஞ்சணம் பிடிக்க எத்தனை நாள் ஆகும்? 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மர்மமாகச் செத்தபோது, பூஞ்சணம் பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்குதான் குற்றவாளி என்று தெரிந்தது. அந்த நஞ்சுக்குப் பெயர் அஃப்லடாக்சின். அது இருக்கிறதா என்று சோதிக்க விஞ்ஞானிகள் யாருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள் தெரியுமா? ஒரு நாள் வயதான வாத்துக் குஞ்சுகளுக்கு. அதைவிடச் சீக்கிரம் அடிபடுகிற பிராணி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. மூட்டையை அப்படியே குப்பையில் போட்டோம். புதுத் தீனி இப்போது மூடி இறுகும் பிஸ்கட் டின்னில் இருக்கிறது.

இரண்டு நாளில் கழுத்து இறங்கியது. எது வேலை செய்தது, சொட்டு மருந்தா, புதுத் தீனியா? இரண்டும் இருக்கலாம். பாட்டியைக் கேட்டால் வேறு பதில். "புழுங்கரிசி போட்டிருந்தா இந்த வம்பே இல்ல."

சிரித்துவிட்டு நகர்ந்திருப்பேன். ஆனால் இந்தப் பேச்சுக்கு இந்த மண்ணிலேயே ஒரு வரலாறு உண்டு, அது தள்ளாடும் கோழியில் ஆரம்பிக்கிறது. இன்றைய ஜகார்த்தா, அன்றைய பத்தாவியா. 1890-ஐ ஒட்டிய வருஷங்கள். எய்க்மான் என்ற டச்சு மருத்துவரின் ஆய்வுக்கூடக் கோழிகள் திடீரென்று கால் தளர்ந்து விழுந்தன. கிருமி தேடினார், கிடைக்கவில்லை. பிறகு தானாகவே தேறின. விசாரித்தால், இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிக்குப் போட்டுவந்திருக்கிறார்கள். புதிதாக வந்த சமையற்காரர், இராணுவத்துச் சோற்றைச் சிவில் கோழிக்குக் கொடுக்க முடியாது என்று மறுத்துவிட்டார்! தீட்டாத அரிசிக்கு மாறிய கோழிகள் எழுந்து நடந்தன. ஒரு சமையற்காரரின் கறாரில் வைட்டமின் ஆராய்ச்சிக்கு வழி பிறந்தது. எய்க்மானுக்கு 1929-இல் நோபல் பரிசு. சமையற்காரரின் பெயர்கூட நம் கைக்கு வரவில்லை.

அடுத்த காட்சி நமக்கு இன்னும் பக்கம், நெகிரி செம்பிலான். சுரங்கங்களில் தீட்டிய வெள்ளையரிசி தின்ற சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியில் கால் வீங்கி, கால் மரத்துக் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். அதே வெயிலில் உழைத்த தமிழர்களுக்கு அந்த நோய் அவ்வளவாக வரவில்லை. சிரம்பானில் இருந்த பிராடன் என்ற அரசாங்க மருத்துவர் இதைக் கவனித்து 1907-இல் ஒரு புத்தகமே எழுதினார். தமிழர்கள் தின்றது புழுங்கலரிசி. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலிருக்கும் தயமின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிராடன் வெள்ளையரிசியில் ஏதோ நஞ்சு சேருகிறது என்று நினைத்தார். காரணம் தப்பு, ஆனால் கையைக் காட்டிய இடம் சரி. அதே 1907-இல் ஃபிரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர் ஜெலுபுவில் சாலை போட்ட 300 ஜாவானியத் தொழிலாளர்களை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வெள்ளையரிசி, இன்னொன்றுக்குப் புழுங்கலரிசி கொடுத்துப் பார்த்தார்கள். நோய் வெள்ளையரிசிப் பக்கம் வந்தது, அரிசியை மாற்றிக் கொடுத்தால் நோயும் பக்கம் மாறியது. அப்புறம் அவர்களும் கோழிக்குத்தான் போனார்கள். தீட்டிய அரிசி தின்ற கோழி தள்ளாடியது, தவிடு சேர்த்த கோழி நின்றது.

இதையெல்லாம் பாட்டியிடம் சொன்னேன். வெற்றிலையை மென்றபடி கேட்டுவிட்டு, "அப்பவே எங்கம்மா சொன்னாங்க," என்றார். அவ்வளவுதான். நோபல் பரிசு வாத்து மூத்திரம் நாறும் குளியலறை வாசலில் வந்து நின்று, பாட்டி கையால் திரும்பிப் போனது. (வாத்துக்கு மூத்திரம் தனியாக வராது, எல்லாம் ஒன்றாகத்தான். இதையும் தெரிந்துகொள்ளுங்கள்.)

பாட்டி சொன்னாரே என்று தவிடு கொஞ்சம் சேர்த்தோம். தவிட்டில் தயமின் மட்டுமல்ல, நியாசினும் உண்டு.

கட்டு அவிழ்த்தது மூன்றாம் நாளிலேயே. கால்கள் அகலவில்லை, ஆனால் எழத் தைரியமில்லை. இங்கேதான் சிலிப்பர் வந்தது. வாத்துக் குஞ்சு பொரிந்த புதிதில் நகர்கிற எதைப் பார்க்கிறதோ அதையே தாயாக மனத்தில் அச்சடித்துக்கொள்ளும். இதை உலகுக்குச் சொன்ன கொன்ராட் லோரன்ஸ், 1973-இல் நோபல் பரிசு வாங்கியவர், காட்டு வாத்துக் குஞ்சுகளுக்குத் தாயாக இருந்து பார்த்திருக்கிறார். நின்றால் குஞ்சுகள் நம்பவில்லை. குந்திக்கொண்டு, குவாக் குவாக் என்று விடாமல் கத்திக்கொண்டு, தாடிக்காரப் பெரிய மனிதர் புல்வெளியில் தவழ்ந்திருக்கிறார். உயரமான புல்லில் குஞ்சுகள் மறைந்துபோக, வேலிக்கு வெளியே நின்றவர்களுக்கு அவர் மட்டும்தான் தெரிந்தார்.

எங்கள் ஆறு பேருக்கும் அம்மா, சிவப்புச் சிலிப்பர். அக்கா முகம் இல்லை, குரல் இல்லை, சிலிப்பர். வேறு சிலிப்பர் போட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆகவே கூடத்தில் ரப்பர் விரிப்பைப் பாதைபோல நீட்டினோம். ஒரு கோடியில் மைலோ. மறுகோடியில், சிலிப்பரைக் கைகளில் மாட்டிக்கொண்டு முட்டிபோட்டுத் தவழ்ந்தபடி, பட்டப்படிப்பு முடித்த நான்.

"குவாக்," என்றேன்.

"சித்தி, இன்னும் சத்தமா," என்றான் சின்னவன்.

"குவாக் குவாக்!"

அந்த நேரம் பார்த்து வாசலில் மாமா. பக்கத்து வீட்டுக்காரர், லுபோக் சினா சாலையில் வண்டி ஓட்டிப் போனால் சாலாய் வாத்து, அதாவது புகையில் வாட்டிய வாத்து, தொங்கும் கடையைத் தாண்டியதே இல்லை. தேங்காய்ப்பாலும் சிலி பாடியும் போட்டுச் சமைத்த சாலாய் வாத்து அவருக்கு மதம். கையில் சிலிப்பரோடு தரையில் இருந்த என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "என்னாம்மா இது?" என்றார். பதில் சொல்ல வாயெடுத்தேன், மைலோ எழுந்துவிட்டான். எழுந்து, ஆடி, இறக்கைக் குச்சிகளை விரித்து, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, தொப். விழுந்த வேகத்தில் தானே புரண்டு நிமிர்ந்தான். மல்லாக்க விழுந்தால் சைக்கிள் மட்டும் மிதிக்கத் தெரிந்தவன்! மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்தார். அன்று சாலாய் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கால் சரியாகாத வாத்துகளும் உண்டு. அமெரிக்காவில் டென்னசி மாநிலத்தில் பட்டர்கப் என்றொரு வாத்து ஒரு பாதம் பின்னோக்கித் திரும்பியபடியே பிறந்தது. நடந்தால் ரணமாகும். அந்தக் காலை எடுத்துவிட்டு, கூடப்பிறந்த வாத்தின் பாதத்தை அளவெடுத்து, முப்பரிமாண அச்சு இயந்திரத்தின் உதவியோடு சிலிக்கோன் பாதம் செய்து 2013-இல் மாட்டினார்கள். சின்னவன் அதைக் கேட்டதிலிருந்து மைலோவுக்கும் ஒன்று, ஊதா நிறத்தில், வேண்டும் என்கிறான். இருக்கிற கால் போதும்டா என்றால் கேட்பதில்லை.

மைலோவின் இடது கால் முழுசாக நேராகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கணுவில் அந்தச் சின்னப் புடைப்பு தங்கிவிட்டது. எடை ஏற ஏறக் கால் மேல் பாரம் ஏறும் என்பதால் மருத்துவர் தீனியைக் கட்டுப்படுத்தி, புல்லும் கீரையும் கூடக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். தண்ணீரில் நியாசின் தொடர்கிறது, ஆறு பேருக்கும். மழை பெய்து தரை வழுக்கினால் அவனை மட்டும் அக்கா தூக்கிக்கொள்வாள். கடற்கரையில் தலைக்கு மேல் செம்பருந்து வட்டமிட்டால் குடை விரியும். இந்தக் கரையிலேயே வடக்கே போனால் தஞ்சோங் துவான். மார்ச் மாதம் சுமத்ராவிலிருந்து நீரிணையைத் தாண்டிப் பருந்துகள் நூற்றுக்கணக்கில் அங்கே வந்து இறங்குவதைப் பார்க்க வெளியூர்களிலிருந்தெல்லாம் கூட்டம் வரும். அக்கா அந்த மாதம் முழுவதும் ஊர்வலத்துக்கு விடுமுறை என்று அறிவித்திருக்கிறாள்.

சரி, நாள்காட்டி. கதவுக்குப் பின்னால் வாருங்கள். சின்னவன் எழுதிய எண்கள், ஒவ்வொரு நாளும் விழாமல் மைலோ வைத்த அடிகள். 0. 0. 0. கழுத்து திரும்பிய நாளில் எண் இல்லை, ஒரு சோகமான முகம். பிறகு 4. அதற்குப் பக்கத்தில் மூன்று நட்சத்திரம். 7. 6. அன்று மழை என்று அடைப்புக்குறிக்குள் நியாயம் வேறு. 15. 31. ஒரு நாள் எண்ணின் மேல் பெரிய பச்சைக் கறை, யார் வைத்தது என்று சொல்லத் தேவையில்லை. கடைசியாக எழுதிய நாளில் எண்ணே இல்லை, "ஓடிட்டான். எண்ண முடியல" என்று மட்டும் இருக்கிறது.

அதற்குக் கீழே வேறு பேனாவில், மாமாவின் கையெழுத்தில், "எத்தனை கிலோ?"